கறை படாத செயின்

“காஞ்சிருச்சா மச்சான்?”

“தொட்டுப் பாருங்க மாப்ள. உங்க வீட்டு அடுப்படி, உங்க செயின், உங்க விரல்.”

“சேச்சே, உங்க வேலைய நான் தொட்டுப் பாத்தா உங்களுக்கு என்ன மரியாதை?” என்று சொல்லிக்கொண்டே அவன் தொட்டுப் பார்த்தான்.

தொட்டவன் மருந்துக்கடைக்காரன், இந்த வீட்டுக்கு உடையவன். தொடச் சொன்னவன் லிஃப்ட்காரன். அடுக்குமாடிக் கட்டடங்களில் பாதி வழியில் மூச்சு நின்றுபோகும் லிஃப்டுகளை மறுபடி ஓடவைப்பது அவன் பிழைப்பு. மருந்துக்கடைக்காரனின் மனைவி லிஃப்ட்காரனுக்கு ஒரே தங்கை.

சைக்கிள் செயின் ஜன்னல் கம்பியில் தொங்கியது. வளைத்த ஸ்போக்ஸ் கம்பி ஒன்று இரண்டு முனைகளையும் கோத்துக் கொக்கிபோல் அதைப் பிடித்திருந்தது. மருந்துக்கடைக்காரன் ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழ்வரை தடவி, விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அழுக்கில்லை. ஈரமில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டினான்.

ஈரம் உள்ளே இருந்தது. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சின்ன உருளை உண்டு. அந்த உருளைக்கும் அது சுற்றும் ஊசிக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஓர் இடைவெளி. மெழுகு போய் உட்கார வேண்டிய இடம் அது. இன்று அங்கே தண்ணீர் உட்கார்ந்திருந்தது. உட்காரவைத்தவன் லிஃப்ட்காரன்.

செயினைப் பெட்ரோலில் அலசினால் அழுக்கு போகும். சோப்புத் தண்ணீரில் அலசினால் பெட்ரோல் போகும். கடைசியாக ஸ்பிரிட்டில் அலசினால், மிச்சமிருக்கும் தண்ணீரைக் கையோடு கூட்டிக்கொண்டு ஸ்பிரிட்டும் ஆவியாகிவிடும். ஸ்பிரிட் பாட்டிலை மருந்துக்கடைக்காரனே கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தான். நடுவில் யாரோ போனில் கூப்பிட்டு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டார்கள். அவன் முன்னறைக்குப் போய் நிதானமாக, அன்பாக, சொன்னதையே திரும்பச் சொல்லி விளக்கினான். அந்த அன்பான குரலைக் கேட்டபடியே லிஃப்ட்காரன் ஸ்பிரிட்டைச் சிங்க்கில் கவிழ்த்தான். பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, செயினை உள்ளே போட்டுக் குலுக்கினான். எடுத்துத் துணியால் அழுத்தித் துடைத்து மாட்டினான். சிங்க்கிலிருந்து எழுந்த ஸ்பிரிட் வாடை அடுப்படி முழுக்க நின்று அவனுக்காகப் பொய் சொன்னது.

சுடுகிற மெழுகுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் அடியில் இறங்கிக் கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகும். ஆவிக்கு அந்த இடம் போதாது. மெழுகையும் இழுத்துக்கொண்டு மேலே சீறும். மேலே எந்த முகம் குனிந்திருக்கிறதோ அதில் போய் ஒட்டும். கொதிநீராவது வழிந்து ஓடிவிடும். மெழுகு ஓடாது, அங்கேயே நின்று சுடும்.

மருந்துக்கடைக்காரன் எப்போதும் குனிந்துதான் பார்ப்பான். செயினை இறக்கியதும் உருளைகளுக்குள் அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். அதைப் பார்ப்பதில் அவனுக்குத் தீராத ஆசை. “மூச்சு விடுது பாருங்க மச்சான். கடைசி மூச்சு நின்னதும் எடுத்துரணும்” என்பான். அவன் கண்கள் மெழுகின் நீலத்துக்கு ஒரு சாண் மேலே மின்னும்.

இன்று அந்தக் கண்களுக்காகத்தான் லிஃப்ட்காரன் வந்திருந்தான்.

அடுப்பில் அலுமினியப் பாத்திரம் நேராகத் தீயின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அப்படி வைக்கவே கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகை வைத்து, பையப் பைய உருக்க வேண்டும். இதை லிஃப்ட்காரன் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தான். மருந்துக்கடைக்காரனுக்குப் பொறுமை கிடையாது. கடையில் வரும் கிழவர்களிடம் காட்டுகிற பொறுமை எல்லாம் வீட்டு வாசலில் செருப்போடு நின்றுவிடும். மெழுகின் மேல் மெல்லிய புகை ஓடத் தொடங்கியிருந்தது. வேறு நாளாயிருந்தால் லிஃப்ட்காரன் பாய்ந்து அடுப்பைத் தணித்திருப்பான். இன்று அவன் சுவரில் சாய்ந்து நின்று அந்தப் புகையைப் பார்த்தான். தூரத்து ஊரிலிருந்து யாரோ வருவதைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

இந்த மெழுகு வேலையை மருந்துக்கடைக்காரனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை புலம்பிக்கொண்டு வந்தான். கடைக்குச் சைக்கிளில் போகிறான், போட்டிருப்பதோ வெள்ளைப் பேண்ட், வெள்ளைக் கோட்டு. வலது காலில் தினமும் செயின் எண்ணெய் பல் பல்லாக அச்சுக் குத்திவிடுகிறது. “இதுக்குப் போய் அழறீங்களே மாப்ள” என்று லிஃப்ட்காரன் அவனைத் தன் வீட்டு அடுப்படிக்குக் கூட்டிப்போனான். எண்ணெயே வேண்டாம். செயினை மொட்டையாகக் கழுவி மெழுகில் முக்கி எடுத்தால் போதும். மெழுகு உள்ளே போய் உறைந்துகொள்ளும், தூசி ஒட்டாது. முக்கி எடுத்த செயின் ஆறியதும் கட்டையாக விறைத்து நின்றது. அதை ஒரு குழாயில் சுற்றி இழுத்து, கண்ணி கண்ணியாக மடக்கிப் பழக்கினான். நீலத் துகள்கள் உதிர்ந்தன. பிறகு ஒரு காரியம் செய்தான். மாப்பிள்ளை போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் முதுகில் அந்தச் செயினைச் செல்லமாக வீசி அடித்தான்.

“கழட்டிப் பாருங்க மாப்ள. ஒரு பொட்டுக் கறை இருக்கா?”

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி விரித்துப் பார்த்தான். கறை இல்லை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தங்கையும் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கவும் லிஃப்ட்காரனுக்குப் பிடிக்கவில்லை.

மெழுகில் நீலம் சேர்ப்பது அவனுடைய கைப்பழக்கம். எரிந்து மிஞ்சிய நீல மெழுகுவத்திக் கட்டைகளை வெள்ளை மெழுகுப் பாளத்தோடு சேர்த்து உருக்குவான். செயினில் எங்கே மெழுகு தேய்ந்திருக்கிறது என்று நீலம் காட்டிக்கொடுக்கும். அவனையும் அவனிடம் கற்ற மாப்பிள்ளையையும் தவிர வேறு யாரும் அப்படிச் செய்து அவன் பார்த்ததில்லை. போன வாரம் தங்கையைப் பார்க்க வந்தபோது, அவள் தம்ளரை வைக்கக் குனிந்தாள். பின்கழுத்தில், மயிர் முளைக்கும் இடத்தில், நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. சாக்பீஸ் தூளாக இருக்கும் என்று விரலால் எடுத்தான். தேய்த்தான். தூளாகவில்லை. விரல் சூட்டில் இளகியது.

அவன் அவளுடைய ரவிக்கையின் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்தான். அண்ணன் செய்கிற காரியமல்ல. ஆனாலும் பார்த்தான். முதுகில் கண்ணிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. மெல்லிய கண்ணி, தடித்த கண்ணி, மெல்லிய கண்ணி, தடித்த கண்ணி. பழையவை மஞ்சளாகவும் புதியவை கருநீலமாகவும் ஒன்றின் மேல் ஒன்று போய்க்கொண்டே இருந்தன.

“வேர்க்குரு” என்றாள் அவள்.

“செயின் மாதிரியா வேர்க்குரு வரும்?”

“எனக்கு வருது. சில பேருக்கு ஒடம்பு வாகு அப்படி.”

பூசி மெழுகப் பார்த்தாள். அவன் எழுந்த வேகத்தில் தம்ளர் உருண்டது. அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எங்க போறே?”

“கடைக்கு. அவன் கைய ஒடைக்க.”

“ஒடச்சுட்டு?”

அவன் அவளை விலக்கிக்கொண்டு போகப் பார்த்தான்.

“நீ அரை அடி அடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவே. மிச்ச அடி எனக்கு விழும். போன தடவ நான் பையத் தூக்கிக்கிட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? வெள்ளையும் சொள்ளையுமா வந்து நின்னாரு. அம்மா டீ போட்டுக் குடுத்தாங்க. நீ என் பைய அவர் சைக்கிள்ல கட்டிவிட்டே. கயிறு நல்லா இறுக்கமா இருக்கான்னு இழுத்து வேற பாத்தே.”

“நீ அப்ப சொல்லலையே.”

“சண்டைன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் சண்டைன்னா வாயாலதான் போடறதுன்னு நெனச்சுட்டீங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, உனக்குப் புண்ணியமாப் போகும், ஒண்ணும் பண்ணாத. பண்றதா இருந்தா, திரும்ப அவரு கை ஓங்கவே முடியாதபடி பண்ணு. அப்படிப் பண்ண உன்னால முடியாது. லிஃப்டுல எலி மாட்டினாக்கூடக் கூண்டு வச்சு எடுத்து வெளில விடற ஆளு நீ.”

அந்த எலிப் பேச்சுதான் அவனை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. திரும்பக் கை ஓங்க முடியாதபடி. கண் தெரியாதவன் எங்கே வீசுவான்? அது ஒரு விபத்தாக இருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரன் தன் கையாலேயே செய்துகொண்டதாக இருக்க வேண்டும். பழியும் அடியும் அவள் பக்கம் திரும்பக் கூடாது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையில்தான் அவனுக்கு வழி கிடைத்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, “செயினுக்கு மெழுகு தேஞ்சிருக்குமே, ஞாயித்துக்கெழம வரட்டுமா?” என்றான். மாப்பிள்ளை சந்தோஷமாக, “வாங்க மச்சான், வீடே உங்களது” என்றான்.

“ரெடி மச்சான்” என்றான் மருந்துக்கடைக்காரன் இப்போது. ஞாயிற்றுக்கிழமையிலும் வெள்ளைச் சட்டை. முழுக்கையைக் கவனமாக இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். “கொஞ்சம் பொகையற மாதிரி இருக்கே?”

“மெழுகுன்னா பொகையத்தான் செய்யும்.”

“நீங்கதான் பொகையவே கூடாதும்பீங்க.”

“பழைய மெழுகு. அப்படித்தான்.”

மருந்துக்கடைக்காரன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். சிரித்தான். “நம்மாளு ஒருத்தர் லிஃப்டு தொழில்ல இருந்தா இதான் வசதி. மேல போனாலும் சரிம்பாரு, கீழ போனாலும் சரிம்பாரு.” பிறகு தலையைத் திருப்பாமலேயே கூப்பிட்டான். “ஏய், புருவம்! இங்க வா.”

லிஃப்ட்காரனின் முதுகு சுவரிலிருந்து விலகியது.

புருவம் என்பது தங்கைக்கு அவன் வைத்த பட்டப்பெயர். மருந்துக்கடைக்காரன் அதை மாமியார் வீட்டில் கேட்டுப் பிடித்துக்கொண்டான். வில் மாதிரி வளைந்த புருவம், அதனால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவனாக முடிவுகட்டிக்கொண்டான். ஏன் என்று யாரிடமும் கேட்டதில்லை. காரணம் வேறு. கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால், லிஃப்ட்காரன் வீட்டு அடுப்படியில் ஒருநாள் மெழுகு தீப்பிடித்துக்கொண்டது. இவள் ஓடி வந்து, தீயைக் கண்டால் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினாள். ஒரே ஒரு தம்ளர். அது கூரை வரைக்கும் நெருப்புத் தூணாக எழுந்து நின்றது. இவள் பின்னால் விழுந்ததால் முகம் தப்பியது, இரண்டு புருவமும் போயிற்று. கல்யாணப் போட்டோவில் பென்சிலால் வரைந்துகொண்டுதான் நின்றாள். “ஒத்த புருவம் ஏறிக்கிட்டு நிக்குது, மாப்ள வீட்டுக்காரங்க உன்னக் கோவக்காரின்னு நெனைக்கப் போறாங்க” என்று லிஃப்ட்காரன் அவள் காதில் சொல்ல, போட்டோ எடுக்கும் நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுக் கூரையில் கரி வட்டம் இன்னும் இருக்கிறது. எரிகிற மெழுகை ஒரு மூடியால் மூடினால் போதும், காற்றில்லாமல் தானே செத்துப்போகும் என்று அன்று அவன் அவளுக்குச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்கிற பார்வை.

“உங்க தங்கச்சிக்கு இப்ப எல்லா வேலையும் கத்துக்குடுத்துட்டேன் மச்சான்” என்றான் மருந்துக்கடைக்காரன். “மொதல்ல செயினைத் தொடவே பயப்படுவா. இப்பப் பாருங்க.” ஜன்னல் கம்பியிலிருந்து செயினை எடுத்து அவளிடம் நீட்டினான். அதை நீட்டிய விதத்தில் அவள் தோள் தானாகச் சுருங்கியதை லிஃப்ட்காரன் கவனித்தான். மருந்துக்கடைக்காரனும் கவனித்தான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. “எறக்கு. உங்க அண்ணன் முன்னாடி செஞ்சு காட்டு. நல்லாக் குனிஞ்சு பாத்து எறக்கு. குமிழி நிக்கறவரைக்கும் கண்ண எடுக்கக் கூடாது. என்ன சொல்லியிருக்கேன்?”

“கண்ண எடுக்கக் கூடாது” என்றாள் அவள்.

“மாப்ள, நீங்களே போடுங்க” என்றான் லிஃப்ட்காரன். “அவளுக்கு எதுக்கு இதெல்லாம்.”

“ஏன், பொம்பள போட்டா மெழுகு ஒட்டாதா?”

“அதுக்கில்ல.”

“அப்புறம்?”

அவள் கொக்கியைப் பிடித்துப் பாத்திரத்தின் மேல் குனிந்தாள். புகை அவள் முகத்தின் இரு பக்கமும் பிரிந்து போயிற்று. செயின் கீழே இறங்கியது. லிஃப்ட்காரன் அந்த முகத்தை மட்டும்தான் பார்த்தான். திரும்ப வளர்ந்து நின்ற புருவங்கள். நெற்றியில் ஒரு துளி வியர்வை.

“விடுடீ!”

அவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டான். செயினின் அடிக் கண்ணி அதற்குள் மெழுகைத் தொட்டிருந்தது. படார் என்று ஒரு சத்தம். பாத்திரம் ஒருமுறை துப்பியது. நீலச் சொட்டு ஒன்று அவள் முழங்கையில் விழ, “அம்மா!” என்று அவள் பின்னால் போய் அலமாரியில் மோதினாள். செயின் தரையில் விழுந்து சுருண்டது.

மெழுகு இன்னும் கொஞ்ச நேரம் பொரிந்துகொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரன் குனிந்து செயினை எடுத்தான். கொக்கியிலிருந்து ஒரு முனையை உருவி எடுத்தான். மறு முனையை விரலில் மாட்டிக்கொண்டு வெள்ளை டைல்ஸ் சுவரை நோக்கி ஒரு சுண்டு சுண்டினான். சுவரில் நீர்ப்பொட்டுகள் வரிசையாக விழுந்தன. விழுந்து, மெல்ல வழிந்தன.

அவன் அந்த வரிசையை அக்கறையாகப் பார்த்தான். மருந்துச் சீட்டில் கிறுக்கலை வாசிப்பது போல.

“ஓ” என்றான். “காயலையா மச்சான்?”

“மாப்ள...”

“என் மூஞ்சிக்கா?”

லிஃப்ட்காரன் தங்கைக்கு முன்னால் நகர்ந்து நின்றான். முதல் அடி காதின் மேல் விழுந்தது.

அந்த அடியில் ஒரு பழக்கம் இருந்தது. கோபத்தில் அடிக்கிற கை தோளிலிருந்து வரும். இது மணிக்கட்டிலிருந்து வந்தது. செயினின் நுனி மட்டும் உடம்பைத் தொட்டுக் கடித்துவிட்டு உடனே கைக்குத் திரும்பியது. இரண்டாவது கழுத்தில் விழுந்தது. மூன்றாவதைத் தடுக்கக் கையை உயர்த்தினான், விரல் எலும்பு ஒன்று முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. இத்தனை நாள் அவள் இதை வாயைத் திறக்காமல் வாங்கியிருக்கிறாள் என்பதுதான் அந்த வலிக்குள் அவனுக்குத் தோன்றிய ஒரே நினைப்பு. காதிலிருந்து சூடாக ஒன்று தாடை வழியே இறங்கியது.

“பாருங்க மச்சான்” என்றான் மருந்துக்கடைக்காரன் மூச்சு வாங்கியபடி. அவன் சட்டை அப்படியே வெள்ளையாக இருந்தது. “ஒரு பொட்டுக் கறை இல்ல. நீங்க சொன்ன மாதிரியே.”

“விடுங்க! அவன விட்டுருங்க!” தங்கை குறுக்கே வந்தாள். அவன் திரும்பியும் பார்க்காமல் முழங்கையால் அவள் வாயில் இடித்தான். அவள் சிங்க்கின் மேல் போய் விழுந்தாள். பாத்திரங்கள் உருண்டன.

அடுத்த அடிக்கு லிஃப்ட்காரன் கையை நீட்டிக் கொடுத்தான். செயின் முன்கையைச் சுற்றிக்கொண்டு சதைக்குள் இறங்கியது. அதை வேண்டுமென்றேதான் சுற்றவிட்டான். லிஃப்ட் குழியில் எஃகுக் கயிற்றை இழுக்கிற பழக்கத்தில், காலை ஊன்றி இழுத்தான். மருந்துக்கடைக்காரன் அந்த இழுப்பில் வந்து அவன் மார்பில் மோதினான். லிஃப்ட்காரன் தலையால் அவன் மூக்கில் முட்டினான். மூக்கு உடைந்தது. இப்போது வெள்ளைச் சட்டையில் கறை விழுந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி அடுப்பு மேடையில் இடித்து, தரையில் சரிந்தார்கள். தங்கள் தலைக்கு மேல் பாத்திரம் தள்ளாடுவது லிஃப்ட்காரனுக்குத் தெரிந்தது. அது விழவில்லை. கொஞ்சம் மெழுகு மட்டும் விளிம்பைத் தாண்டித் தீயில் ஊற்றியது.

உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. பாத்திரத்துக்குள்ளிருந்து மஞ்சள் தீ எழுந்து நின்றது. முதலில் ஒரு முழம். பிறகு இன்னும் கொஞ்சம்.

லிஃப்ட்காரன் மல்லாந்து கிடந்தான். மேலே மருந்துக்கடைக்காரன். அவன் முழங்கால் மார்பில், செயின் தொண்டைக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் அவன் கைகள். முறிந்த விரலோடு ஒரு கையால் தடுத்தால் எவ்வளவு தடுக்க முடியும்? கண்ணிகள் ஒவ்வொன்றாகக் குரல்வளையில் பதிவதை அவனால் உணர முடிந்தது. மருந்துக்கடைக்காரனின் மூக்கிலிருந்து ரத்தம் அவன் வாயில் சொட்டியது. மாப்பிள்ளையின் முதுகுக்கும் பிடரிக்கும் மிக அருகே, மேடையின் மேல், தீ உறுமிக்கொண்டிருந்தது.

சூடு பட்டதும் மருந்துக்கடைக்காரன் தலையைத் திருப்பினான். தீயைப் பார்த்தான். எழுந்திருக்கலாம்தான். எழுந்தால் செயினை விட வேண்டும். விட்டால் அது யார் கைக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் எழுந்திருக்கவில்லை.

தீயைக் கண்ட எல்லோருக்கும் தோன்றுவதுதான் அவனுக்கும் தோன்றியது. “ஏய்!” என்று கத்தினான். “தண்ணி கொண்டாடி! தண்ணி ஊத்து!”

சிங்க்கருகே அவள் எழுந்து நின்றாள். உதடு கிழிந்து தாடையெல்லாம் சிவப்பு. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் மொட்டையாகவும், பிறகு நிறைவாகவும் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. வாளி நிறைகிற வரைக்கும் நின்றாள். குழாயை மூடினாள். சொட்டாதபடி இறுக்கி மூடினாள்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடைக்கு எதிரே நின்றபோது, லிஃப்ட்காரன் அவள் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தான். ஒரு தம்ளர் தண்ணீர் என்ன செய்யும் என்று இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். இது வாளி. தீ முதலில் அவன் மேல் குனிந்திருக்கும் வெள்ளை முதுகில்தான் இறங்கும். அந்த முதுகு லிஃப்ட்காரனுக்குக் கூரை மாதிரி. அவளுக்குக் கூரை இல்லை. இந்தத் தடவை பின்னால் விழ அவளுக்கு இடமும் இல்லை. அலமாரி ஒட்டி நின்றது.

“என்னடி பாத்துட்டு நிக்கிற? ஊத்துடி!”

பாத்திரத்தின் மூடி அவள் கைக்கெட்டும் தூரத்தில், சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தீயைப் பார்த்தாள். தீயைப் பார்த்துவிட்டுக் கணவனின் பிடரியைப் பார்த்தாள். அங்கே மயிர் சுருளத் தொடங்கியிருந்தது. அவள் முகத்தில் பயம் இல்லை. அவள் வாளியின் அடியில் மறு கையைக் கொடுத்தாள். தோள் வரைக்கும் தூக்கினாள். விளிம்பில் தண்ணீர் தளும்பி நின்றது.

அந்தப் பாவம் தன் கைக்குத்தான் என்று வைத்திருந்தான் அவன். ஒரு வாரமாக, தூக்கமில்லாமல், தன் கைக்கு என்றுதான் வைத்திருந்தான். செயினுக்கும் தொண்டைக்கும் நடுவே முறிந்த விரலைக் கொடுத்து, ஒரு வாய் மூச்சுக்கு இடம் பண்ணினான். அந்த மூச்சைப் பேச்சுக்குச் செலவழித்தான்.

“புருவம்... அதக் கீழ வச்சிரு. அண்ணன் சொல்றேன்ல, கீழ வச்சிரும்மா.”